நிரந்தரப் பதவி கிடைக்காத மனிதர் தந்த மருந்துகள்

கந்தப்பளை பஜாரில் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சிறிய பாமசி ஒன்றை நடத்தி வருகிறேன். காலையில் கதவைத் திறந்ததும் வருபவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்து மக்கள். மிகுதிப் பேர் மரக்கறி பயிரிடுபவர்கள், கடைக்காரர்கள், நம்மவர்கள். யாருக்கு என்ன நோய், யார் எந்த மருந்து எடுக்கிறார் என்பது எனக்கு ஏறத்தாழ மனப்பாடம்.

ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவர் மாதந்தோறும் மூட்டுவாதத்துக்கு மருந்து எடுக்க வருவார். அவருடைய மருந்துத் துண்டில் இரண்டு குளிசைகள் எப்போதும் இருக்கும். ஒன்று மெதோட்ரெக்சேட். அதைக் கிழமையில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். மறந்து தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. மற்றது போலிக் அசிட். அதை வேறொரு நாளில் எடுக்க வேண்டும். முதல் குளிசை உடம்பில் எதைத் தடுக்கிறதோ, அதனால் வரும் பக்கவிளைவை இரண்டாவது தணிக்கிறது. அந்த அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஒரு பெட்டியில் நீலப் பேனையாலும் மற்றதில் சிவப்புப் பேனையாலும் அடையாளம் போட்டுக் கொடுப்பேன்.

இத்தனை வருடங்கள் இந்த இரண்டையும் விற்ற எனக்கு, இரண்டுமே ஒரே மனிதரின் ஆய்வுகூடத்தோடு தொடர்புடையவை என்பது தெரியாது. அதைச் சொன்னது என் மகள். சொன்ன சூழ்நிலை சந்தோஷமானதல்ல.

மகள் நுவரெலியாவில் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் படித்து, பேராதனையில் பட்டம் பெற்று, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டமும் முடித்தவள். இப்போது ஐரோப்பிய நகரமொன்றில் சிறுநீரகக் கலங்கள் பற்றிய ஆய்வில் இருக்கிறாள். கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு, இன்னொரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில், ஒன்றிரண்டு வருட ஒப்பந்தத்தில் செய்யும் இந்த வேலையை போஸ்ட்டொக் என்கிறார்கள். மாணவியும் இல்லை, விரிவுரையாளரும் இல்லை. பேராசிரியருக்குக் கிடைக்கும் ஆய்வு நிதி தீர்ந்தால் வேலையும் தீரும். வேலை தீர்ந்தால் விசாவும் தீரும். மகளுக்கு இது இரண்டாவது ஒப்பந்தம். வரும் டிசம்பரோடு அது முடிகிறது.

ஊரில் இதை விளங்கப்படுத்துவது எனக்குப் பெரும்பாடு. மகள் டொக்டர் என்றால் எந்த வைத்தியசாலையில் என்று கேட்பார்கள். வைத்தியர் அல்ல, ஆராய்ச்சி செய்கிறாள் என்றால், அப்படியானால் இன்னும் படித்துக்கொண்டா இருக்கிறாள் என்பார்கள். வந்த சம்பந்தங்களில் இரண்டு, வேலை நிரந்தரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் பேச்சோடு நின்றுபோயின.

கடந்த நோன்புப் பெருநாளன்று அவள் அழைத்தபோது ஆய்வுகூடத்தில் இருந்தாள். பெருநாள் அன்றுமா என்று உம்மா கவலைப்பட்டார். வளர்க்கும் கலங்களுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை போசணைத் திரவம் மாற்றாவிட்டால் அவை இறந்துவிடும், அவற்றுக்குப் பெருநாள் தெரியாது என்று மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்து மூன்று வயதாகியும் ஓர் இடத்தில் நிலைக்காத வேலை என்ன வேலை என்று கேட்டுவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கடை அலுமாரியில் இருக்கும் போலிக் அசிட் யாருடையது என்று தெரியுமா வாப்பா என்று கேட்டாள். அன்றுதான் யெல்லப்பிரகட சுப்பாராவ் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கரைப் பகுதியிலுள்ள பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் நோயால் வேலையை விட்டவர். வீட்டில் வறுமை. சிறுவனாக இருந்தபோது காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடியவரைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மெட்ரிகுலேசன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறைதான் தேறினார். தாயார் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். இது எங்கோ நடந்த கதையாக எனக்குத் தோன்றவில்லை. உயர்தரத்துக்கு இரண்டாம் தடவை தோற்றும் பிள்ளையும், காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைக்கும் தாயும் இந்த மலையில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும் மாமனாரும் உதவினார்கள். அந்த மாமனாரின் மகள் சேஷகிரியைத்தான் அவர் மணந்திருந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர்த் துணியில் சத்திரசிகிச்சை அங்கி அணிந்து வந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முடிவில் அவருக்கு முழுமையான மருத்துவப் பட்டம் தரப்படாமல், அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அந்த ஒரு தாள் பிறகு பல கதவுகளை அடைத்தது.

இதே காலத்தில் அவருடைய சகோதரர்கள் இருவரை, குடல் உணவை உறிஞ்ச முடியாமல் போகும் ஸ்புரூ என்ற நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. அவருக்கும் அது வந்து, ஆயுர்வேத வைத்தியர் லக்ஷ்மிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். பிறகு லக்ஷ்மிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் கற்பித்தார். ஆனால் நோய்களுக்கு மருந்து தேடும் எண்ணம் அவரை விடவில்லை. 1920களின் தொடக்கத்தில், தரும நிதியொன்றின் உதவி வாக்குறுதியோடும் மாமனார் திரட்டிக் கொடுத்த பணத்தோடும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். சேஷகிரி ஊரில் இருந்தார்.

பொஸ்டனில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளோமா படித்தார். கையிலிருந்த பட்டத்தை வைத்து வைத்தியராக வேலை செய்ய முடியவில்லை. ஆகவே அங்குள்ள வைத்தியசாலையொன்றில் இரவுநேரச் சிற்றூழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுவதும் அந்த வேலையில் அடங்கும். வெளிநாடு போன நம் பிள்ளைகள் ஆரம்பத்தில் செய்யும் வேலைகளை வீட்டில் சொல்ல மாட்டார்கள். அவர் வீட்டுக்கு என்ன எழுதினாரோ.

பிறகு ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியின் உயிர்இரசாயனத் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. 1925இல் இருவரும் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசின் அளவைக் கண்டறியும் முறையொன்றை வெளியிட்டார்கள். கரைசல் நீலமாக மாறும்; எவ்வளவு கடும் நீலமோ அவ்வளவு பொசுபரசு. ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று இன்றும் அதைப் பாடமாகக் கற்பிக்கிறார்கள். பேராதனையில் தானும் அந்த நீல நிறத்தைப் பார்த்திருப்பதாக மகள் சொன்னாள்.

அந்த முறையைக் கொண்டு அவர்கள் தசைகளை ஆராய்ந்தபோது, 1927இல் பொஸ்போகிரியேட்டின் என்ற பொருளையும் 1929இல் ஏ.டி.பி. என்ற பொருளையும் கண்டறிந்தார்கள். ஏ.டி.பி.யை அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார். உயிருள்ள எந்தக் கலமும் எந்த வேலைக்கும் செலவழிக்கும் சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி. கொழுந்துக் கூடையோடு மலையேறும் கால்களிலும் ருகூவுக்குக் குனியும் முதுகிலும் ஒவ்வொரு கணமும் அதுதான் செலவாகிறது. இன்றைய உயர்தர உயிரியல் பிள்ளைகள் எல்லோரும் இதைப் படிக்கிறார்கள். சுப்பாராவ் என்ற பெயரைப் படிப்பதில்லை.

1930இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அடுத்த பத்து வருடங்கள்தான் என் மகளின் வாழ்க்கையை எனக்கு விளங்க வைத்தவை. உலகம் அறிந்த இரண்டு கண்டுபிடிப்புகளில் பெயர் இருந்தும், அவர் ஹாவர்டில் கீழ்நிலைப் பதவிகளிலேயே வைக்கப்பட்டார். நிரந்தரப் பதவி தரப்படவில்லை. அதே ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்து, 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்கள் ஃபிஸ்கின் பொறாமையால் வெளிவராமல் போய், பல வருடங்களுக்குப் பிறகு வேறு ஆட்கள் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று பின்னாளில் கூறியிருக்கிறார். இன்னொருவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்பவருக்கு, தன் கையால் கண்டதையே வெளியே சொல்லும் உரிமை முழுமையாக இருப்பதில்லை.

நாட்டின் சட்டமும் அவருக்குச் சாதகமாக இல்லை. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. 1946இல்தான் அந்தத் தடை சட்டத்தால் நீங்கியது. அவர் கடைசிவரை குடியுரிமை இல்லாதவராகவே வாழ்ந்தார்.

1940இல் ஹாவர்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பனியின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்து, விரைவில் அதன் பணிப்பாளரானார். பிறகு நடந்தவை எட்டே வருடங்களில் நடந்தவை.

முதலாவது போலிக் அசிட். இதன் கதை நம்மவர்களிடமிருந்து தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிப் பெண்களின் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடையே, குறிப்பாக உணவில் மிகக் குறைவுபட்டிருந்த ஏழை முஸ்லிம் பெண்களிடையே, அந்த நோய் அதிகம் இருந்ததை அவர் கண்டார். நம் மலைநாட்டைப் போலத் தேயிலை விளையும் நீலகிரியின் குன்னூர் ஆய்வு நிலையத்திலும் அவருடைய ஆய்வு நடந்தது. மதுவத்திலிருந்து செய்யும் மார்மைட்டைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். ஆனால் அதற்குள் இருந்த பொருள் எதுவென்று அப்போது தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவில் வேறு ஆய்வாளர்கள் பசளிக் கீரையிலிருந்து அப்பொருளைப் பிரித்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயர் வைத்தார்கள். ஹாவர்டில் இருந்தபோதே ஈரல் சாற்றில் இரத்தசோகைக்கு மருந்து தேடிய சுப்பாராவ், லெடர்லியில் தன் குழுவோடு அதை 1945இல் செயற்கையாக உருவாக்கினார். அதன்பிறகே அது மலிவான குளிசையாக உலகெங்கும் போனது. அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கும் அது மருந்தானது. அந்த ஆய்வுக் கட்டுரையில் ஒரு டசினுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பணிப்பாளரான அவருடைய பெயர் அவற்றின் நடுவே எங்கோ இருக்கிறது.

இன்று நம் நாட்டில் திருமணம் முடித்த பெண்ணுக்கு, கருத்தரிக்கும் முன்பே குடும்பநலத் தாதி போலிக் அசிட் எடுக்கச் சொல்கிறார். பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் குறையின்றி உருவாக அது தேவை. கிளினிக்கில் திரிபோஷா பொதியோடு இரும்புச்சத்துக் குளிசையும் அதுவும் சேர்த்துத் தரப்படுகின்றன. தோட்டத்து லயத்திலிருந்து வரும் பெண்ணும் நம் வீட்டுப் பெண்ணும் ஒரே வாங்கில் இருந்து வாங்குகிறார்கள்.

இரண்டாவது, அதே போலிக் அசிட்டைப் போலத் தோன்றி, ஆனால் அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகள். குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரினை பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர் இரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 பிள்ளைகளில் 10 பேர் தற்காலிகமாகத் தேறினார்கள் என்று 1948இல் அவர் அறிவித்தார். அதுவரை அந்த நோய் வந்த பிள்ளைக்கு வைத்தியரால் செய்யக்கூடியது எதுவுமே இருக்கவில்லை. அதன் தம்பிதான் மெதோட்ரெக்சேட். உலகெங்கும் புற்றுநோய் வைத்தியசாலைகளில் பிள்ளைகளுக்கும், என் கடையில் அந்தக் கொழுந்துத் தொழிலாளிக்கும் போகும் மருந்து.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான், அதாவது டயெதில்கார்பமசீன், 1947இல் வெளிவந்தது. என் உம்மாவின் ஊர் வெலிகம. வீங்கிய காலை வெள்ளைத் துணியால் சுற்றிக்கொண்டு திண்ணையில் இருந்த ஒரு மூத்தம்மாவை சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்தப் புழுக்குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் ஓடும் என்பதால், சுகாதாரத் துறையினர் இராத்திரியில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் வருடந்தோறும் வீடுவீடாகக் குளிசை கொடுத்தார்கள். அந்தக் குளிசைகளில் ஒன்று இதுதான். 2016இல் இலங்கையில் இந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. காலி, வெலிகம, பேருவளை என்று நம் கரையோர ஊர்களில் இன்றைய பிள்ளைகள் அப்படியொரு காலைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

நான்காவது, அவருடைய ஆய்வுப் பிரிவில் பெஞ்சமின் டகர் கண்டெடுத்த ஓரியோமைசின். டெட்ராசைக்ளின் வகையில் முதலாவது. நான் விற்கும் டொக்சிசைக்ளின் அந்தப் பரம்பரை. அது 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், பேர்ல் ரிவரில், நித்திரையிலேயே மாரடைப்பால் சுப்பாராவ் இறந்தார். வயது 53.

இதோடு நிறுத்தினால் இது உழைத்தால் உயரலாம் என்று மேடையில் சொல்லும் கதையாகிவிடும். எனக்கு அது போதவில்லை. ஊரில் விடப்பட்ட சேஷகிரிக்கு என்ன ஆனது என்று தேடினேன். கணவர் கப்பலேறிய பிறகு ஒரு மகன் பிறந்தான். ஒரு வயது ஆகும் முன்பே அந்தப் பிள்ளை இறந்துபோனது. தகப்பன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. சேஷகிரி காத்திருந்தார், பிறகு விதவையாகப் பல காலம் வாழ்ந்தார். 1995இல் இந்திய அரசு அவருடைய கணவருக்கு நூற்றாண்டு முத்திரை வெளியிட்டது. காத்திருந்தவர்களுக்கு யாரும் முத்திரை வெளியிடுவதில்லை.

ஆகவே என் மகளுக்கு, சுப்பாராவைப் போல எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து உழை என்று சொல்ல நான் தயாரில்லை. அவர் அவ்வளவு விலை கொடுத்தது அவருடைய பெருமைக்கு உரியதல்ல. அவரை அந்த நிலையில் வைத்திருந்தவர்கள் வெட்கப்பட வேண்டியது. நூறு வருடங்களுக்குப் பிறகும் இது மாறிவிடவில்லை. கொரோனா தடுப்பூசிகளுக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 2023இல் நோபல் பரிசு பெற்ற கத்தலின் கரிகோவும் 1995இல் தன் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர்தான்.

நம் சமூகம் கொடையில் குறைந்த சமூகமல்ல. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஸ்கேன் இயந்திரம் வாங்க நம்மவர் ஒருவர் தொடங்கிய முயற்சிக்கு எல்லா இனத்தவரும் அள்ளிக் கொடுத்ததை மறக்க முடியாது. இயந்திரத்துக்குக் கொடுக்கத் தெரிகிறது, கட்டடத்துக்குக் கொடுக்கத் தெரிகிறது. மருந்தைத் தேடும் மனிதருக்கு என்ன கொடுப்பது என்று நாம் யோசித்ததில்லை. நம் புலமைப்பரிசில்கள் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை இரண்டு மூன்று மாதம் சம்பளமின்றித் தவிக்கும் ஆய்வாளருக்குக் கடனாவது தர ஓர் ஏற்பாடு, உம்மா வாப்பாவைப் பார்க்க வந்துபோக விமானச் சீட்டுக்கு ஓர் உதவி, இவை பெரிய தொகைகள் அல்ல. ஊர் நலன்புரிச் சங்கங்களால் முடியும்.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத ஒன்று இருக்கிறது. பெண் பார்க்க வரும் குடும்பங்கள் வேலை நிரந்தரமா என்று கேட்கும் முன், என்ன வேலை என்று கேட்கலாம். பெருநாள் அழைப்பில் எப்போது நிலைப்பாய் என்று கேட்கும் என் போன்ற வாப்பாமார், அந்தக் கேள்வியைப் பிள்ளை ஏற்கெனவே ஒவ்வோர் இரவும் தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நானே அழைத்தேன். டிசம்பரைப் பற்றிக் கேட்கவில்லை. இன்று கலங்களுக்கு என்ன செய்தாய் மகள் என்று கேட்டேன். முதலில் நம்பாமல் தயங்கினாள். பிறகு நாற்பது நிமிடம் பேசினாள். எனக்கு விளங்கியது கால்வாசிதான். முடிக்கும்போது, எந்த ஒப்பந்தம் எப்படி முடிந்தாலும் மேல்மாடி அறை உனக்காகவே இருக்கிறது, வந்து இருந்துவிட்டுத் திரும்பவும் போகலாம் என்று சொன்னேன். சேஷகிரியின் வீட்டிலிருந்து அப்படியொரு கடிதம் பொஸ்டனுக்குப் போயிருந்தால் அவர் வந்திருப்பாரா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

மறுநாள் அந்தக் கொழுந்துத் தொழிலாளி வந்தார். நீலப் பேனை, சிவப்புப் பேனை. மருந்தைக் கொடுக்கும்போது, இவ்வளவு காலம் இல்லாத ஒரு பயபக்தி கையில் வந்தது. கிழமைக்கு ஒன்றுதான் அம்மா, மறந்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன்.